புதுக் கூத்துக்கு இரண்டாவது ராத்திரி வேண்டும்

கர்ண மோட்சம் இதுவரைக்கும் எத்தனை ராத்திரி ஆடப்பட்டிருக்கும்? பழைய வட ஆற்காட்டில் ஒரு தாலுகாவை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட எண்ணி முடியாது. தாத்தா ஆடியதை அப்பா ஆடி, அப்பா ஆடியதை மகன் ஆடி, எந்த விருத்தத்தை எங்கே இழுக்க வேண்டும், மத்தளம் எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே வரும் அளவுக்கு ஊறிப்போன கூத்து அது. புதிதாக எழுதிய கூத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. ஏதாவது ஒரு விழாவுக்காக எழுதுகிறார்கள். ராப்பகலாக ஒத்திகை பார்க்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரி ஆடுகிறார்கள். சால்வை, போட்டோ, பேப்பரில் நாலு வரி. அப்புறம் கூத்தை எழுதிய அந்த நோட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பரணுக்குப் போய்விடும்.

பாடி ஆடுகிற எந்தப் புது நாடகமும் முதல் ராத்திரியில் பாதிதான் பிறக்கிறது என்று நான் நம்புகிறேன். மிச்சப் பாதி இரண்டாவது ராத்திரியிலும் மூன்றாவது ராத்திரியிலும் ஜனங்கள் முன்னால்தான் பிறக்கும். அந்த ராத்திரிகளைக் கொடுக்க ஒரு சின்ன இடம் வேண்டும். பெரிய மேடைகளால் அதைக் கொடுக்க முடியாது.

குடியாத்தத்தில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து அப்படி ஒரு இடம் நடத்துகிறோம். முன்னே கைலி நெய்த தறிக்கூடம் அது. ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் மரச் சட்டம் போட்ட ஜன்னல், நெருக்கிப் போட்டால் எண்பது நாற்காலி. குழித்தறி இருந்த பள்ளங்களைத் தூர்க்காமல் மேலே பலகை அடித்து விட்டிருக்கிறோம். அந்தப் பலகையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அது முக்கியம். டிக்கெட் நூறு ரூபாய். நூறு இல்லாதவர் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு உட்காரலாம்.

கூத்து இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. ஆனால் கூத்தாடும் குழுக்களான ஜமாக்களுக்கு மாவட்ட எல்லை கிடையாது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அர்ஜுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கூடம் போனவர்கள். இப்படிப்பட்ட ஊரில் புதுக் கூத்துக்கு ஏன் இடம் இல்லாமல் போனது என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

அதற்கு ஒரு பதில் நான் எதிர்பார்க்காத திசையிலிருந்து வந்தது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து லண்டனுக்கு வேலைக்குப் போன அக்கா ஒருவர் இருக்கிறார், எங்கள் தெருக்காரர். கூட வேலை பார்க்கிறவர்களோடு ஒரு நாள் டால்ஸ்டன் என்ற பகுதியில் ஓபரா என்ற மேல்நாட்டு இசை நாடகம் பார்க்கப் போயிருக்கிறார். ஓபரா என்றால் சரிகைத் திரை, பளிங்குப் படிக்கட்டு, மேலங்கி போட்ட கனவான்கள் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். போய்ப் பார்த்தால் பழைய பெயிண்ட் தொழிற்சாலை. செங்கல் சுவரில் பூச்சுகூட இல்லை. பாடுகிற பெண் அக்காவின் முழங்காலுக்கு ஓரடி தள்ளி நின்று பாடியிருக்கிறார். "நம்ம ஊரு கூத்துல முன்னாடி பாய் போட்டு உக்காந்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சுடா, பாடுறவங்க மூச்சு வாங்குறது தெரியுது" என்று வாட்ஸப்பில் குரலனுப்பினார். நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அந்த இடத்தின் பெயர் ஆர்கோலா தியேட்டர். 2000இல் ஆர்கோலா தெருவில் ஒரு பழைய துணித் தொழிற்சாலையில் ஆரம்பித்தார்கள். 2011இல்தான் இப்போதைய பெயிண்ட் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு மாறினார்கள். துணித் தொழிற்சாலை என்று படித்ததும் எனக்கு எங்கள் தறிக்கூடம் கண் முன்னால் வந்தது. 2007 முதல் அங்கே கிரைம்பார்ன் என்று ஒரு ஓபரா விழா நடக்கிறது. பண்ணை வீட்டுத் தோட்டத்தில் சீமான்கள் கூடிக் கேட்கும் கிளைண்ட்போர்ன் விழாவை மனதில் வைத்து, வேண்டுமென்றே வைத்த பெயர். அதே 2007இல் லண்டனில் இன்னொரு விழாவும் தொடங்கியது, டெட் ஆ டெட். அங்கே புது ஓபராதான் எல்லாமே. முழுதாக முடியாத ஓபராவைக்கூடக் கொண்டுவந்து ஜனங்கள் முன்னால் பாடிப் பார்க்கலாம். பாடியதைப் படம் பிடித்து இணையத்திலும் போடுகிறார்கள். குடியாத்தத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அவற்றைத்தான்.

பார்த்ததில் எல்லாமே பிடித்தது என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் பாட்டு எங்கே போகிறது என்றே புரியவில்லை. சிலவற்றில் ஒரு பியானோ, ஒரு செல்லோ, இரண்டு குரல், அவ்வளவுதான், ஆனால் எழுந்து போக முடியவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறு. முடியாத வேலையைக் காட்ட அவர்கள் வெட்கப்படவில்லை. அடுத்த தடவை வேறு மாதிரி இருக்கும் என்று பாடுகிறவருக்கும் தெரிகிறது, கேட்கிறவருக்கும் தெரிகிறது.

ஓபராவின் கதையைக் கொஞ்சம் தோண்டினால் இது புது வழக்கம் இல்லை என்று தெரியும். இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ஓர்ஃபெயோ என்ற ஓபரா 1607இல் மாண்டுவா ஊர் அரண்மனைக்குள் ஒரு குறுகலான மேடையில்தான் முதலில் பாடப்பட்டது. காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற முதல் ஓபரா அரங்கம் வெனிஸில் திறந்தது 1637இல். அதாவது இந்தக் கலை சின்ன இடத்தில் பிறந்து பெரிய இடத்துக்குப் போனது. போன பிறகும், புதுசு தடுக்கி விழுந்தபோதெல்லாம் அதைத் தூக்கி நிறுத்தியது மறு ஆட்டம்தான்.

ரோசினி என்ற இசையமைப்பாளரின் செவில் நகர நாவிதனை எடுத்துக்கொள்ளுங்கள். 1816 பிப்ரவரி 20, ரோம். முதல் ராத்திரி ஒரே கூச்சல், சீட்டி. இரண்டாவது ராத்திரி ரோசினி தியேட்டர் பக்கமே போகவில்லை என்று சொல்வார்கள். அன்றைக்குத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள். வெர்டியின் லா டிராவியாட்டா 1853இல் வெனிஸின் பெரிய அரங்கமான லா ஃபெனிச்சேயில் படுத்துவிட்டது. சில இடங்களைத் திருத்தி, அடுத்த வருஷம் அதே ஊரில் வேறொரு அரங்கத்தில் ஆடியபோது எழுந்து நின்றது. புச்சினி 1904 பிப்ரவரியில் மிலானில் மதாம் பட்டர்ஃப்ளையை மேடையேற்றி வாங்கிக் கட்டிக்கொண்டு, அடுத்த நாளே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாற்றி எழுதி, அதே வருஷம் மே மாதம் பிரேஷியா என்ற சிறிய ஊரில் போட்டார். ஜெயித்தது. அதற்குப் பிறகும் அவர் அதில் கை வைப்பதை நிறுத்தவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடுகிற மூன்று ஓபரா இவை. முதல் ராத்திரியோடு பரணுக்குப் போயிருந்தால்?

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஓபராவில் திருத்துகிறவர் இசையமைப்பாளர். ஒவ்வொரு ஸ்வரமும் தாளில் இருக்கிறது, தாளைத் திருத்தினால் பாட்டு மாறும். கூத்தில் நோட்டில் இருப்பது வார்த்தை மட்டும். மெட்டு இருப்பது கூத்தைச் சொல்லித்தரும் வாத்தியார் தொண்டையில், நடை இருப்பது மத்தளக்காரர் விரலில், பாதி வசனம் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் வாயில் அன்றன்றைக்கு வருவது. திருத்துவது ஜமா மொத்தமும். அதனால் புதுக் கூத்துக்குப் புது ஓபராவைவிட அதிக ராத்திரி தேவை. வீட்டில் உட்கார்ந்து பேனாவால் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எங்கள் கூத்தைச் சொன்னால் இது விளங்கும்.

அது 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகம் பற்றியது. வேலூர்க்காரர்களுக்குக் கதை தெரியும், மக்கானில் நினைவுத் தூண் நிற்கிறது. 1805 நவம்பரில் சிப்பாய்களுக்கு உத்தரவு வருகிறது. நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும். மறுத்தவர்களுக்குக் கசையடி. ஜூலை 9 அன்று கோட்டைக்குள் சிறைவைத்திருந்த திப்பு சுல்தான் குடும்பத்தில் ஒரு மகளுக்குக் கல்யாணம். அந்த ராத்திரி விடியும் முன் துப்பாக்கி வெடிக்கிறது. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறுகிறது. பதினாறு மைல் தள்ளி ஆற்காட்டில் இருந்த வெள்ளைக்காரத் தளபதி கிலெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து கோட்டையைத் திரும்பப் பிடிக்கிறார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். எல்லாம் ஒரே நாளுக்குள்.

கூத்துக்கு இதைவிடத் தோதான கதை இல்லை. கல்யாணம், சூழ்ச்சி, குதிரை, சண்டை, விடியல், எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்களைக் கட்டிப்போட்டவர் வேறு ஒருவர், முஸ்தபா பேக் என்ற சிப்பாய். கலகம் வரப்போகிறது என்று ஜூன் மாதமே போய் வெள்ளைக்காரத் தளபதி ஃபோர்ப்ஸிடம் சொன்னவர். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்கள் இவன் பைத்தியம் என்றார்கள். ஆளைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

இவரைக் களரிக்குள், அதாவது கூத்தாடும் களத்துக்குள், எப்படிக் கொண்டுவருவது? கூத்தில் வேஷம் வரும் முறை உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரையைப் பிடிக்க, பின்னால் இருந்து குரல் எழும். திரை அசையும். முதலில் கிரீடத்தின் நுனி, அப்புறம் சலங்கைக் கால், அப்புறம்தான் முகம். வாத்தியார் முஸ்தபா பேக்குக்கு முழுத் திரை கொடுத்தார், ராஜ வேஷத்துக்குக் கொடுப்பதைப் போலவே. நல்ல விருத்தம் ஒன்று கட்டியிருந்தார். சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணை அதன் கடைசி இழையைப் பிடித்து மேலே கொண்டுபோகும்போது உடம்பு சிலிர்க்கும். முதல் ராத்திரி அந்த இடத்தில் வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்.

"காட்டிக் கொடுத்தவனுக்கு எதுக்கய்யா இவ்வளவு நல்ல பாட்டு?"

ஆட்டம் நின்றது. கட்டியங்காரன் சமாளித்து ஏதோ சொல்லி நகர்த்தினார். ஆனால் அந்தக் கேள்வி கூடத்தை விட்டுப் போகவில்லை. முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டு விடிகிறவரை அதையே பேசினோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. காட்டிக் கொடுத்தவனா, வரப்போகும் சாவை நிறுத்தப் பார்த்தவனா, காசுக்காகப் போனவனா, பயந்தவனா? நாங்கள் எழுதும்போது இதெல்லாம் யோசித்தோம். ஆனால் திரை பிடிப்பதே ஒரு தீர்ப்பு என்பது அந்தப் பெரியவர் எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஒத்திகையில் யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள்.

இரண்டாவது ராத்திரிக்கு வாத்தியார் திரையை எடுத்துவிட்டார். விருத்தமும் இல்லை. முஸ்தபா பேக் ஜனங்களுக்கு நடுவில் இருந்து, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தார். கட்டியங்காரன் துரைக்கு மொழிபெயர்க்கிற ஆளாக மாறினார். இவர் ஒன்று சொல்வார், கட்டியங்காரன் வேறு ஒன்றாகச் சொல்வார். மூன்று தடவை. கூடம் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. சிரித்ததில் முஸ்தபா பேக் வெறும் கோமாளி ஆகிப்போனார். அதுவும் சரியில்லை என்று எல்லாருக்கும் பட்டது.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் மூன்றாவது மொழிபெயர்ப்பு முடிந்ததும் ஆர்மோனியப் பெட்டி, மத்தளம், தாளம் எல்லாம் நின்றது. பின்பாட்டுக்காரர்கள் மட்டும், அவர் முதலில் சொன்ன வரியை அப்படியே எடுத்து, வாத்தியம் இல்லாமல், அவருக்குக் கட்டியிருந்த பழைய விருத்தத்தின் மெட்டில் பாடினார்கள். அவர் பாடவில்லை. நின்று கேட்டார். கூடம் சிரிப்பை விழுங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் கைதட்டவும் இல்லை. வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினார். பெரிய விழா மேடையில் இதே கூத்தை ஒரே ஒரு தரம் ஆடியிருந்தால் முதல் ராத்திரியில் ஆடியதுதான் அந்தக் கூத்து என்று பதிவாகியிருக்கும்.

தலைப்பாகைக் காட்சியும் இப்படித்தான். கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மரம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள், அதுதான் கனமில்லாமல் இருக்கும். மேலே கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டுவார்கள். சிப்பாய்கள் களரிக்கு வரும்போது கட்டை கட்டிய வீரர்களாகவே வரட்டும், உத்தரவு வந்ததும் கிரீடத்தைக் கழற்றித் தோல் குஞ்சம் வைத்த தொப்பியை மாட்டட்டும் என்று எழுதியிருந்தது. மூத்த ஆட்டக்காரர் ஒருவர் முடியவே முடியாது என்றுவிட்டார். "களரியில முடிய இறக்குனா வேஷம் செத்துப்போச்சு தம்பி. செத்த வேஷத்த வச்சிக்கிட்டு நான் என்ன ஆட?" அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் சொன்னதையே காட்சியாக்கினோம். மற்றவர்கள் கழற்றுகிறார்கள், இவர் ஒருவர் மறுத்துக் கிரீடத்தோடு நிற்கிறார், கசையடி இவருக்கு. அடி விழ விழ அவர் போடுகிற கிறிக்கி இருக்கிறதே, அந்த வயசில் அப்படிச் சுழல்வதைப் பார்க்க மட்டும் வேலூரிலிருந்து பஸ் ஏறி வரலாம்.

இப்போது பலகை. குழித்தறிப் பள்ளத்தின் மேல் அடித்த பலகையில் சலங்கைக் கால் விழுந்தால் அடியில் இருக்கும் வெற்றிடம் அதை வாங்கி உறுமுகிறது. சிமெண்டுத் தரையில் அதே அடவு சன்னமாகக் கேட்கும். ஆரம்பத்தில் இது தொந்தரவாக இருந்தது, வசனத்தை அமுக்கிவிடும். அப்புறம் மத்தளக்காரர்தான் சொன்னார், கிலெஸ்பியின் குதிரையைப் பலகையில் ஓட விடலாமே என்று. இப்போது சிப்பாய்கள் கல்யாண விருந்து நடக்கும்போதெல்லாம் சிமெண்டுத் தரையில் மெதுவாக ஆடுகிறார்கள். ஆற்காட்டுக் குதிரைகள் மட்டும் பலகையில் வருகின்றன. உட்கார்ந்திருக்கிறவர்களின் நாற்காலிக் கால் வழியாக அது உடம்புக்குள் ஏறுகிறது. எந்த ஒலிபெருக்கியாலும் அதைச் செய்ய முடியாது. மைக்கே இல்லாமல் ஆடுவது என்று முடிவெடுத்ததும் அதன் பிறகுதான். எண்பது பேருக்கு மைக் எதற்கு? கோயில் களரியில் ஆயிரம் பேர், சுற்றிலும் கடை, ராட்டினம். அங்கே வேண்டும். இங்கே மைக் வைத்தால் முகவீணையின் நுனி கிழிந்து காதில் குத்துகிறது.

சின்ன இடம் என்றால் வாத்தியமும் குறைவாக இருக்கும், அது குறை என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1954இல் வெனிஸில் அரங்கேற்றிய ஒரு பேய்க் கதை ஓபராவுக்கு 13 வாத்தியக்காரர்கள் போதும் என்று எழுதினார். இன்றைக்கும் சின்ன அரங்கங்கள் அதைத் தேடி எடுத்துப் பாடுகின்றன. லண்டனில் ஒரு குழு 2009இல் கில்பர்னில் ஒரு மதுக்கடை மாடியில் பியானோவை மட்டும் வைத்துப் புச்சினியின் லா போயெம் ஓபராவைப் பாடி, 2011இல் பெரிய அரங்கங்களுக்குக் கொடுக்கும் ஒலிவியர் விருதையே வாங்கியது. நமக்கு இதில் கவலையே வேண்டாம். பெட்டி, மத்தளம், முகவீணை, தாளம், இரண்டு பின்பாட்டு. நம் ஜமா எப்போதுமே சின்ன அரங்கத்துக்கு அளவெடுத்ததுதான்.

வார்த்தை புரிவதும் அப்படித்தான். ஓபராவில் பாடுவது புரியவில்லை என்ற குறை ரொம்ப நாளாக உண்டு. 1983இல் டொரண்டோவில் மேடைக்கு மேலே வரிகளை எழுத்தில் காட்ட ஆரம்பித்தார்கள், அது உலகம் முழுக்கப் பரவியது. எங்களிடமும் ஒரு தம்பி புரொஜெக்டர் வைக்கலாம் என்றான். வாத்தியார் சிரித்துவிட்டு, பின்பாட்டு எதற்கு இருக்கிறது என்று கேட்டார். ஆட்டக்காரர் ஒரு வரியைப் பாடுவார், பின்பாட்டு அதை வாங்கித் திரும்பப் பாடும். முதல் தடவை மெட்டு கேட்கும், இரண்டாவது தடவை வார்த்தை கேட்கும். புதுப் பாட்டுக்கு இது பெரிய பலம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, பின்பாட்டுக்காரருக்கு அந்த வரி மனப்பாடமாக வேண்டும். ஒரே ராத்திரி ஆடுகிற கூத்துக்கு யார் நூறு புது வரியை மனப்பாடம் செய்வார்? நோட்டைப் பார்த்துப் பாடுவார்கள், நோட்டைப் பார்த்துப் பாடினால் ஆட்டக்காரரின் முகம் தெரியாது, எடுப்பு அரை மாத்திரை தள்ளிப் போகும்.

சரி, காசு. பங்குனியிலிருந்து ஆடி வரை நல்ல ஜமா எதுவும் கையில் அகப்படாது. ஊர் ஊராக ஆட ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கியிருப்பார்கள், அதுதான் அவர்களுக்கு வருஷச் சோறு. அதில் நாங்கள் குறுக்கே நிற்கக் கூடாது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு, அந்தச் சமயம் ஊரில் நிற்கவே இடம் இருக்காது. எங்கள் காலம் ஆவணிக்குப் பிறகுதான். மழை மாதத்தில் ஓட்டுக் கூரைமேல் மழை அடித்தால் பாட்டை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதங்களில்தான் ஆட்டக்காரர்கள் வேலையில்லாமல் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். அப்போது ஒத்திகைக்கும் ஆட்டத்துக்கும் கூலி கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, புதுக் கூத்துக்கும் நல்லது.

கூலியை எங்கிருந்து கொடுப்பது என்பதில்தான் எனக்கு வருத்தம். ஒரு அமைப்பிடம் உதவி கேட்டுப் போனோம். புது ஆக்கம் என்றால் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள், நன்றி உண்டு. அடுத்த வருஷம் அதே கூத்தை மறுபடி ஆட உதவி கேட்டபோது, அது ஏற்கெனவே அரங்கேறியதுதானே, வேறு புதுசு இருக்கிறதா என்றார்கள். ஓபராக்காரர்களும் உலகமெங்கும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். முதல் ஆட்டத்துக்குப் பணம் கிடைக்கும், பத்திரிகை வரும். இரண்டாவது ஆட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். கொடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மூன்று புதுக் கூத்துக்கு ஒரு ராத்திரி வீதம் கொடுப்பதை, ஒரு புதுக் கூத்துக்கு மூன்று ராத்திரியாகக் கொடுங்கள். பணம் அதேதான். ஆனால் வருஷக் கடைசியில் ஒரு கூத்து உயிரோடு இருக்கும்.

கூத்தில் கை வைக்காதே, அது சாமி காரியம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாரதக் களரியில் பாரதம்தான் ஆட வேண்டும், அதில் நானும் உறுதி. ஆனால் கூத்து எப்போதுமே புதுசை வாங்கி வந்திருக்கிறது. ஆர்மோனியமே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டிதான், இன்று அது இல்லாமல் சுருதி உண்டா? பக்கத்துச் சீமை புரிசையில் பரம்பரைத் தம்பிரான்கள் ஜெர்மன்காரர் பிரெக்டின் நாடகத்தையும் கொலம்பியாக்காரர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கூத்து கெட்டுப்போகவில்லை. அடவு தெரிந்தவன் ஆடினால் எந்தக் கதையும் கூத்துதான். எங்கள் ஜமாவில் இப்போது இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள், அதில் ஒருத்திதான் கிலெஸ்பி.

வருகிற ஆவணியில் மறுபடி ஆடுகிறோம். இன்னும் சரியாக வராதது கல்யாணக் காட்சி. திப்புவின் வீட்டுக் கல்யாணத்தில் நம்முடைய நலங்குப் பாட்டின் மெட்டைப் போட்டிருந்தோம், அது பொய்யாக ஒலிக்கிறது என்று பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா நேராகச் சொல்லிவிட்டார். தங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மஞ்சள் பூசும்போது பெண்கள் பாடும் தக்கணி உருதுப் பாட்டுகளை அவர் பாடிக் காட்டினார். அதில் ஒன்று எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அவரே வந்து பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் குரல் கீழ் சுருதி, ஜமா பாடுவது எட்டாத மேல் சுருதி. நடுவில் பெட்டியை இறக்கினால் முகவீணை என்ன செய்யும்? வாத்தியார் அவரைத் தனியாக, வாத்தியமே இல்லாமல் பாடவிட்டு, கடைசி வரியில் மத்தளத்தை மட்டும் சேர்க்கலாம் என்கிறார். முகவீணைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் ஒரு எடுப்பு வேண்டும் என்கிறார். முதல் ராத்திரி வாத்தியார் சொன்னபடி, இரண்டாவது ராத்திரி முகவீணைக்காரர் சொன்னபடி ஆடிப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். முடிந்தால் இரண்டு ராத்திரியும் வாருங்கள்.